மணிக்கட்டுச் சூடு

எங்கள் சலவைக்கூடத்தில் அவருக்குக் கறை அண்ணன் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயரைச் சம்பளப் பிரிவில் இருப்பவர்கள் மட்டும்தான் சொல்வார்கள். அப்படி யாராவது கூப்பிட்டால், யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று அவரே திரும்பிப் பார்ப்பார். பெரிய ஹோட்டல் ஒன்றின் அடித்தளத்தில், கொதிகலன் அறையை ஒட்டி, சன்னலே இல்லாத நீளமான கூடம் அது. ஒரு பக்கம் துவைக்கும் இயந்திரங்கள், எதிர்ப்பக்கம் உலர்த்தும் இயந்திரங்கள், நடுவே மடிக்கும் மேசைகள், மூலையில் என் தையல் மெஷின். கிழிந்த துணியைத் தைத்துக் கொடுப்பது என் வேலை. என்னை ஊசி என்பார்கள். தொழிலால் வந்த பெயர் என்று நான் சொல்வேன். வாயால் வந்த பெயர் என்று மற்றவர்கள் சொல்வார்கள்.

கறை அண்ணனின் இடம் இரும்புக் கதவுக்குப் பக்கத்தில் இருக்கும் எவர்சில்வர் மேசை. அதற்கு மேலே ஒரு வெள்ளை விளக்கு. இயந்திரத்தில் போய் வந்த பிறகும் அடம்பிடிக்கும் கறைகளெல்லாம் அந்த மேசைக்கு வரும். துணியை விரித்து, விளக்கை இழுத்து, மூக்கைக் கிட்டே கொண்டுபோய், நகத்தால் ஒரு சுரண்டு சுரண்டுவார். பிறகு தீர்ப்பு வரும். "இது முட்டை. மஞ்சக்கரு. எந்த மகராசனோ மேலயே வெந்நீர ஊத்தித் தேய்ச்சிருக்கான். அது அங்கயே வெந்து உக்காந்திருக்கு." அவரிடம் திட்டு வாங்காமல் போன கறை ஒன்றுகூட எனக்கு நினைவில்லை.

வாலிபத்தில் அவர் மேலே உணவகத்தில் பரிமாறிக்கொண்டிருந்தாராம். ஒரு விருந்தில் யாரோ பெரிய மனிதரின் மடியில் சூப்பைக் கவிழ்த்துவிட்டார். நீ கொட்டியதை நீயே போய்த் துவை என்று மேலாளர் கீழே துரத்திவிட்டார். கறை போய்விட்டது, ஆனால் இவர் திரும்ப மேலே போகவில்லை. கேட்டால், "மேல இருந்தா நாள் பூரா சிரிச்சுக்கிட்டே இருக்கணும். இங்கன்னா துணியத் திட்டலாம்" என்பார்.

அண்ணியும் அதே கட்டடத்தில்தான் இருந்தார், ரொட்டியும் கேக்கும் செய்யும் பகுதியில். அவருடைய ஏப்ரன் தினமும் கீழே துவைக்க வரும். அதைப் பார்த்தே கறை அண்ணன், "இன்னைக்கு வெண்ணெய் பிஸ்கட். கைதவறி ஒரு முட்டைய உடைச்சிருக்காங்க" என்று சொல்வாராம். இது எப்படியோ மேலே போய்ச் சேர்ந்தது. ஒருநாள் ஏப்ரன் பையில் காகிதத்தில் சுற்றிய இரண்டு பிஸ்கட் இருந்தன. அப்புறம் கல்யாணம்தான். "அழுக்கப் பாத்து மயங்கின ஒரே மனுஷன் இவர்தான்" என்று அண்ணி சொல்லிச் சிரிப்பார். அண்ணிக்கு எதுவானாலும் வெண்ணெய் மணக்க வேண்டும், கொதிக்கக் கொதிக்க இருக்க வேண்டும். ஆறிப்போனதை வாயில் வைக்கமாட்டார்.

எவர்சில்வர் மேசைக்கு அடியில் இறுக்கமாக மூடிய மூன்று டப்பாக்கள் உண்டு. உள்ளே நொதிப் பொடிகள். முட்டை, பால், இரத்தம் போன்றவற்றின் புரதத்தை உடைக்க ஒன்று, வெண்ணெய், எண்ணெயை உடைக்க ஒன்று, மாவுப் பசையை உடைக்க ஒன்று. புதிதாக வேலைக்கு வருகிறவர்களை முதல் நாளே நிற்க வைத்து இதைப் பற்றி வகுப்பெடுப்பார். அந்த வகுப்புக்கு என் கத்தரிக்கோல்களை என்னைக் கேட்காமல் எடுத்துக்கொண்டு போவார். அதில் எனக்கு இன்றுவரை கோபம் உண்டு.

"இது துணி வெட்டுற கத்தரி. இது காஜா கத்தரி. இது செய்யுற வேலைய அது செய்யாது. பொடியும் அப்படித்தான். வெண்ணெய்ப் பொடி முட்டையப் பாத்தா மூஞ்சியத் திருப்பிக்கும். ஆயிரம் துணி வெட்டினாலும் கத்தரி கத்தரியாத்தானே இருக்கு? பொடியும் ஒண்ண வெட்டிட்டு அடுத்ததுக்குப் போகும், அதுக்கப்புறம் அடுத்தது. தீந்து போகாது. அதனாலதான் கொஞ்சம் போதும்னு சொல்றேன். அள்ளிக் கொட்டாதீங்க."

"பொடி போடாம சும்மா ஊற வச்சா போகவே போகாதாண்ணே?" என்று யாராவது கேட்பார்கள்.

"போகும். நீயும் நானும் போய்ச் சேர்ந்த பிறகு போகும். பொடி போட்டா சாயங்காலத்துக்குள்ள போகும். அவ்வளவுதான் வித்தியாசம்."

அதற்குப் பிறகு தண்ணீர்ப் பாடம். தொட்டிக்குள் மணிக்கட்டை நனைத்துக் காட்டுவார். சுட்டாலும் தப்பு, சில்லென்று இருந்தாலும் தப்பு. தண்ணீர் பட்டதே கைக்குத் தெரியக்கூடாது. "நம்ம உடம்புச் சூடு இருக்கே, அதுதான் அதுக்குப் பிடிச்ச சூடு. கொஞ்சம் கூடப் போனாலும் தாங்கும். கொதிக்கிற தண்ணியக் காட்டினீங்கன்னா முடிஞ்சது கதை. இந்தக் கத்தரியத் தூக்கி நெருப்புல போட்ட மாதிரி. இரும்பு அங்கயேதான் கிடக்கும். ஆனா வளைஞ்சு நெளிஞ்சு கிடக்கும். அது எத வெட்டும்?" இதைச் சொல்லும்போது என் கத்தரியைக் கொதிகலன் பக்கம் ஆட்டிக் காட்டுவார். எனக்கு உயிர் போய் உயிர் வரும்.

அண்ணிக்குக் கணையத்தில் கட்டி என்று சொன்னார்கள். வயிற்றுக்குள் கணையம் என்று ஒன்று இருப்பதே அதுவரை எங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. கட்டியை எடுக்கும்போது கணையத்திலும் பெரும்பகுதியை எடுக்க வேண்டியதாகிவிட்டது. செரிமானத்துக்கு அது செய்யும் வேலையை இனிமேல் மருந்துதான் செய்ய வேண்டும் என்று சொல்லி, பெரிய பெரிய கேப்ஸ்யூல்களாகக் கொடுத்து அனுப்பினார்கள். ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டோடும் விழுங்க வேண்டும். அறுவை சிகிச்சைக்குப் பிறகு அண்ணிக்குப் பெரிய மாத்திரை எதை விழுங்கினாலும் குமட்டியது. அப்படியானால் கேப்ஸ்யூலைத் திறந்து, உள்ளே இருப்பதை உணவோடு கலந்து கொடுக்கலாம் என்றார்கள்.

கறை அண்ணன் எதையும் அரைகுறையாகச் செய்கிற ஆள் இல்லை. கூட்டைத் திறந்து, உள்ளே இருக்கும் குட்டிக் குட்டி மணிகளைத் தட்டில் கொட்டி, கரண்டியின் முதுகால் மாவாக நுணுக்குவார். பொடி கரையாமல் ஒரு துணுக்கு தங்கினாலும் துணியில் புள்ளி விழுந்துவிடும் என்பது அவருடைய தொழில் பயம். அண்ணியின் தொண்டையில் மட்டும் தங்க விடுவாரா? அடுப்பில் வெண்ணெய் மிதக்கும் சூப் தளதளவென்று கொதிக்கும்போது அதைத் தூவி, நன்றாகக் கிளறி, மூடி, அண்ணி எழுந்து வரும்வரை சிறு தீயில் வைத்திருப்பார். ஒரு மாலை நான் பார்க்கப் போனபோது இதையெல்லாம் என் கண்ணால் பார்த்தேன். எனக்கு வேறெதுவும் தோன்றவில்லை, பொறாமைதான் வந்தது. என் வீட்டுக்காரர் எனக்கு ஒரு டம்ளர் தண்ணீர்கூட எடுத்துக் கொடுத்ததில்லை.

இத்தனை கவனித்தும் அண்ணி மெலிந்துகொண்டே போனார். சாப்பிடாமல் இல்லை. பசிக்கிறது என்று கேட்டுக் கேட்டுச் சாப்பிட்டார். சாப்பிட்டது எங்கே போகிறது என்றுதான் தெரியவில்லை. கன்னம் ஒட்டி, தோள் எலும்பு துருத்திக்கொண்டு நின்றது. அவருடைய சட்டைகளைப் பிடித்துத் தைத்துக் கொடுத்தவள் நான்தான். ஒருமுறை பிடித்தேன், கொஞ்ச நாளில் மறுபடி பிடித்தேன், அப்புறம் மறுபடியும். வெளியே போகும்போது போட்டுக்கொள்ளும் பச்சைச் சட்டையை மூன்றாவது முறை எடுத்துக்கொண்டு போனபோது அண்ணி உள்பக்கத்தைத் தடவிப் பார்த்தார்.

"உள்ள இவ்வளவு துணி மடிஞ்சு கிடக்கே. வெட்டிடு ஊசி. உறுத்துது."

"உறுத்தட்டும். உடம்பு தேறினதும் பிரிச்சு விடணுமில்ல?"

"இனிமே எங்க தேறப் போவுது? சும்மா வெட்டு."

எனக்கு எங்கிருந்துதான் அப்படிக் கோபம் வந்ததோ. தையல் என் வேலை, எதை வெட்டுவது எதை விடுவது என்று எனக்குத் தெரியும், உங்கள் கேக் விஷயத்தில் நான் மூக்கை நுழைத்தேனா என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன். அண்ணி சிரித்தார். சிரித்துவிட்டு, சமையலறைக்குப் போய் அவருடைய நல்ல இரும்பு வாணலியை எடுத்து வந்து என் கையில் திணித்தார். "இத நீ வச்சுக்க. யாரோ தெரியாதவங்க கைக்குப் போறதுக்கு நீயே வச்சுக்க." கேக் அச்சுகள் ஏற்கெனவே பக்கத்து வீட்டுக்குப் போயிருந்தன. வாணலியைத் தூக்கிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தவள், அதை அடுப்பில் ஏற்ற மனமில்லாமல் துணியில் சுற்றிப் பரணில் வைத்தேன்.

மருத்துவர் ஒவ்வொரு முறையும் எடையைப் பார்த்துவிட்டு, சாப்பிடுகிறீர்களா, வயிறு எப்படி இருக்கிறது, கழிவு எப்படிப் போகிறது என்று கேட்பார். சாப்பிடுகிறேன், எல்லாம் நன்றாக இருக்கிறது என்பார் அண்ணி. கடைசி முறை போனபோது மருத்துவர் யோசித்துவிட்டுச் சொன்னாராம்: கட்டி திரும்ப வந்திருக்கிறதா என்று ஸ்கேன் படம் எடுத்துப் பார்க்க வேண்டும், வந்திருந்தால் இந்த உடம்பு இன்னொரு அறுவை சிகிச்சையைத் தாங்காது. மாதக் கடைசியில் ஒரு தேதி கொடுத்தார்கள். மறுநாள் கறை அண்ணன் வேலைக்கு வந்தார், ஆனால் எந்தத் துணியையும் திட்டவில்லை.

அதற்கு அடுத்த வாரம், மதிய வேலை முடிந்து கூடம் கொஞ்சம் ஓய்ந்திருந்த நேரம். கறை அண்ணன் பையிலிருந்து ஒரு படுக்கை விரிப்பை எடுத்து மேசையில் விரித்தார். ஓரத்தில் நீலப்பூ போட்ட விரிப்பு, ஹோட்டல் துணி இல்லை. வீட்டுத் துணியை இங்கே கொண்டுவரக் கூடாது என்பது விதி, அந்த விதியை எல்லோருக்கும் சொல்கிறவரே அவர்தான். நான் எழுந்து போனேன்.

"கட்டிலுக்கு அடியில சுருட்டி வச்சிருந்தா" என்றார், என்னைப் பார்க்காமல். "தானே வெந்நீர்ல துவைச்சுப் பாத்திருக்கா. போகல. முப்பது வருஷமா கறை எடுக்கிறவன் வீட்ல இருக்கேன், எங்கிட்ட சொல்லல."

விரிப்பின் நடுவே மங்கலான மஞ்சள் திட்டுகள். வழவழவென்று ஒரு மினுக்கம். அது என்ன, எங்கிருந்து வந்தது என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. தூக்கத்தில் அண்ணி அறியாமல் கசிந்தது. கறை அண்ணன் நகத்தால் சுரண்டினார், குனிந்து முகர்ந்தார். அவருக்கு எல்லாக் கறையும் ஒன்றுதான் என்று நான் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். அன்று அவர் விரிப்பின் ஓரத்தை இழுத்து அந்தத் திட்டுகளை மூடி, பிறகு மறுபடி திறந்தார்.

"எண்ணெய்" என்றார். இரண்டாவது டப்பாவைத் திறந்து, ஒரு சிட்டிகை எடுத்து, மணிக்கட்டை வைத்துப் பார்த்த தண்ணீரில் கரைத்து, விரிப்பை ஊற வைத்தார். நான் என் மூலைக்குப் போய்க் கிழிந்த தலையணை உறைகளைத் தைத்துக்கொண்டிருந்தேன். அவர் வேறு எந்த வேலையும் பார்க்கவில்லை. தொட்டிக்குப் பக்கத்திலேயே நின்றார். கடைசியில் விரிப்பை அலசி எடுத்து விளக்குக்கு நேரே பிடித்தார். திட்டுகள் இல்லை.

"போயிடுச்சே அண்ணே. அப்புறம் ஏன் பேய் முழி முழிக்கிறீங்க?"

"போயிடுச்சு. அதான் எனக்குப் புரியல. இது வெண்ணெய், ஊசி. நான் சூப்புல போட்ட வெண்ணெய். உள்ள போனது போனபடியே வெளிய வந்திருக்கு. இங்க ஒரு சிட்டிகையில உடையுறது அவ வயித்துல ஏன் உடைய மாட்டேங்குது? அதுக்குன்னுதானே மருந்து குடுத்தாங்க? ஒரு வேளை தவறாம குடுத்துக்கிட்டுத்தானே இருக்கேன்?"

எனக்கு என்ன தெரியும்? நோய் முற்றிவிட்டால் மருந்து கேட்காது என்று நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கினேன். அந்த நேரம் பார்த்து இயந்திரத்தின் பக்கத்திலிருந்து அவசரம் குரல் கொடுத்தார். அவசரம் என்பது எங்கள் மெஷின்காரரின் பட்டப்பெயர். நாற்பதைத் தாண்டியவர்தான், ஆனால் சாப்பிடுவதும் ஓட்டம், நடப்பதும் ஓட்டம், துவைப்பதும் ஓட்டம்.

"அண்ணே, இந்த மேசை விரிப்பெல்லாம் வெண்ணெய் அப்படியே நிக்குது. பொடி போட்டேண்ணே, சத்தியமா போட்டேன்."

"தண்ணி எந்தச் சூட்ல வச்ச?"

"சீக்கிரம் முடியட்டுமேன்னு எடுத்த எடுப்புலயே கொதிநிலையில வச்சுட்டேன்."

பல நாளாகத் திட்டாமல் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் கறை அண்ணனின் வாயிலிருந்து கொட்டியது. "அடப்பாவி மனுஷா! பொடிய வேக வச்சுட்டியேய்யா! படிச்சுப் படிச்சுச் சொல்றேனே, காதுல வாங்குறியா? கொதிக்கிறதுல போட்டா அது செத்துப் போயிடும், அப்புறம் வெறும் மண்ணுதான்னு எத்தன வாட்டி..."

அத்தோடு நின்றுவிட்டார். வாய் திறந்தபடியே இருந்தது. ஈரம் சொட்டும் விரிப்பு அவர் கையில் தொங்கிக்கொண்டிருந்தது.

"நான் கொதிக்கிற சூப்புலதான் போடுறேன்" என்றார், தனக்குத்தானே சொல்வதுபோல.

"எத அண்ணே?"

"அவ மருந்த."

துணி தள்ளும் வண்டியின் விளிம்பில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். வெண்ணெயை உடைப்பதற்குத்தான் அந்த மருந்து என்றால், அதுவும் இந்தப் பொடிக்கு உறவாகத்தானே இருக்க வேண்டும்? இதை அவர் கோர்வையாகச் சொல்லவில்லை. பொடி, சூப், அடுப்பு என்று ஒவ்வொரு வார்த்தையாக வந்தது. எனக்கும் அப்போதுதான் அந்த மாலை நேரமும், கரண்டியின் முதுகும், மூடி வைத்த பாத்திரமும் கண்முன் வந்தன. வேலையில் ஒருவன் ஒருமுறை செய்தாலே குதிக்கிற தப்பை இந்த மனுஷன் வீட்டில் வேளைக்கு வேளை, ஆசை ஆசையாகச் செய்துகொண்டிருந்திருக்கிறார். இங்கே அது கறை எடுக்கும் பொடி, தொட்டால் கை கழுவ வேண்டும். அங்கே அது மருந்து, பெட்டியில் வருகிறது. இரண்டும் ஒரே குடும்பம் என்று அவருக்குத் தோன்ற வழியே இல்லாமல் போய்விட்டது. அவசரம் வாழ்க்கையில் முதல்முறையாக மெதுவாக நடந்துபோய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

மறுநாள் காலை மருத்துவமனைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். "என் காத நம்ப முடியல. உன் காதையும் கொண்டு வா" என்றார். உணவு ஆலோசனை சொல்லும் டயட்டீஷியன் அம்மாவுக்கு முன்னால் உட்கார்ந்தோம். என்னைப் போலவே சுள்ளென்று பேசுகிறவர், எனக்கு உடனே பிடித்துவிட்டது.

"மருந்த எப்படிக் குடுக்குறீங்க? செஞ்சு காட்டுங்க."

கறை அண்ணன் இல்லாத தட்டில் இல்லாத கரண்டியால் நுணுக்கிக் காட்டினார். இல்லாத சூப்பில் தூவிக் கிளறினார். அந்த அம்மா ஒரு கணம் கண்ணை மூடிக்கொண்டார்.

"நுணுக்கக் கூடாது, சூட்டுல கலக்கக் கூடாதுன்னு வீட்டுக்கு அனுப்புற அன்னைக்கே சொன்னேனே."

"சொல்லியிருப்பீங்கம்மா. அன்னைக்கு அவ உயிரோட வீட்டுக்கு வர்றாளேங்கிற சந்தோஷத்துல... திறந்து சாப்பாட்டோட குடுக்கலாம்னு சொன்ன வரைக்கும்தான் காதுல விழுந்திருக்கு."

அந்த அம்மாவின் குரல் இறங்கியது. ஒரு தாளை இழுத்து வைத்துக்கொண்டு வயிற்றைப் படம் போட்டார். அந்த மருந்துக்குள் இருப்பது நொதிகள்தான். புரதத்துக்கு, கொழுப்புக்கு, மாவுக்கு என்று தனித்தனியாக. நல்ல கணையம் இவற்றைத் தானே சுரந்து குடலுக்குள் விட்டுக்கொண்டிருக்கும்.

"மூணு டப்பா" என்றார் கறை அண்ணன். அந்த அம்மாவுக்குப் புரியவில்லை. நான் சொன்னேன்.

"அதேதான்" என்றார் அவர். "சாப்பாடு தானாவும் உடையும், ஆனா அதுக்கு நம்ம ஆயுசு பத்தாது. நொதி இருந்தா சில மணி நேரத்துல உடையும். சாப்பாடு மட்டும் இல்ல, மூச்சு விடுறது, காயம் ஆறுறது, இப்ப நீங்க கண்ணத் துடைக்கக் கையத் தூக்குறீங்களே, அதுக்குச் சக்தி வர்றது, எல்லாத்துக்கும் உள்ள வேற வேற நொதிங்க வேல செய்யுது. ஒவ்வொண்ணுக்கும் ஒரு உருவம் உண்டு. அந்த உருவம் இருந்தாத்தான் வேலை. கொதிக்க வச்சா உருவம் குலைஞ்சிடும். அப்புறம் திரும்ப வராது."

"சரிம்மா, கொதிக்க வைக்கல. நுணுக்கினா என்ன?"

"அந்த மணிங்க மேல ஒரு பூச்சு இருக்கு. இரைப்பையில இருக்கிற அமிலத்துல கெட்டுப் போகாம இருக்கத்தான் அது. குடலுக்குப் போனப்புறம்தான் கரையணும். நீங்க நுணுக்கினதுல பூச்சும் போச்சு."

கறை அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். இனிமேல் அவளுக்கு எல்லாவற்றையும் ஆற வைத்தே கொடுத்துவிடுகிறேன் என்றார். அந்த அம்மா சிரித்துவிட்டார். அதெல்லாம் வேண்டாம், சாப்பாடு எவ்வளவு சூடாக வேண்டுமானாலும் இருக்கட்டும், மருந்தைத்தான் அதில் போடக்கூடாது என்றார். மசித்த ஆப்பிள் ஒரு கரண்டி, ஆறியது. அதில் மணிகளை முழுசாகப் போட்டு, மெல்லாமல் விழுங்கி, உடனே தண்ணீர் குடித்துவிட்டுச் சாப்பிட ஆரம்பிக்க வேண்டும். இதை நான் இரண்டு முறை திரும்பச் சொல்லிக் காட்டினேன். கறை அண்ணன் மூன்று முறை சொன்னார்.

"இதுதான் காரணம்னு இப்பவே அடிச்சுச் சொல்ல மாட்டேன்" என்றார் அந்த அம்மா, நாங்கள் எழுந்தபோது. "எண்ணெய் மாதிரி கசியுறத டாக்டர்கிட்ட ஏன் சொல்லல? சொல்லியிருந்தா அன்னைக்கே கண்டுபிடிச்சிருப்பாரு. படம் எடுக்குற தேதி அப்படியே இருக்கட்டும். அதுவரைக்கும் சரியாக் குடுங்க, பாப்போம்."

கறை அண்ணன் அங்கிருந்து தன் வீட்டுக்கும் என்னை இழுத்துக்கொண்டு போனார். வழியெல்லாம் எப்படிச் சொல்வது, எப்படிச் சொல்வது என்று என் உயிரை வாங்கினார். அண்ணி சமையலறை மேசையில் உட்கார்ந்திருந்தார். கறை அண்ணன் ஆப்பிளை வேகவைத்து மசித்து, ஆறுவதற்காகக் காத்திருந்தார். ஆறிவிட்டதா என்று மணிக்கட்டில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்தார். மணிகளை நுணுக்காமல் போட்டு, கரண்டியை அண்ணியின் முன்னால் வைத்துவிட்டு, எல்லாவற்றையும் சொன்னார். விரிப்பில் ஆரம்பித்துப் படம் போட்ட தாள் வரைக்கும்.

அண்ணி முதலில் பிடித்துக்கொண்டது மருந்தை அல்ல. "என் விரிப்பக் கொண்டுபோய் அங்க விரிச்சீங்களா? எல்லார் முன்னாடியும்?"

"எல்லாரும் இல்ல. ஊசி மட்டும்தான்."

"ஊசி மட்டுமா! ஊசிக்குத் தெரிஞ்சா தண்டோரா போட்ட மாதிரி."

எனக்குச் சுருக்கென்றது. அண்ணி முகம் சிவந்து, கண் கலங்கி, சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். ஒரு பெண் தன் உடம்பைக் குறித்துப் படும் வெட்கம் அவளைக் கொன்றேவிடும் என்பதை அன்று பார்த்தேன். அதன்மேல் எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. அண்ணி, ஹோட்டலில் தங்கும் எவ்வளவோ பெரிய மனிதர்களின் விரிப்பெல்லாம் எங்கள் கைக்கு வருகிறது, அதில் நாங்கள் பார்க்காத எதையும் நீங்கள் செய்துவிடவில்லை என்று சொன்னேன். நான் இதை இன்று எழுதுவதுகூட அண்ணியைக் கேட்டு, அவர் சரி என்ற பிறகுதான்.

கொஞ்ச நேரம் கழித்து அண்ணி திரும்பினார். "அப்ப இத்தன நாளா என் மருந்த நீங்க சமைச்சுக்கிட்டு இருந்தீங்க."

"ஆமா" என்றார் கறை அண்ணன். மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு குலுங்கினார். எனக்கும் அழுகை வந்தது. மறைக்கவில்லை.

அண்ணி அவர் தலைமேல் கையை வைத்தார். "நானும்தான் ஒவ்வொரு வாட்டியும் டாக்டர்கிட்ட எல்லாம் நல்லா இருக்குன்னு சொன்னேன். வாயத் திறந்து உண்மையச் சொல்லியிருந்தா உங்க சமையல் அன்னைக்கே மாட்டியிருக்கும்." பிறகு கரண்டியை எடுத்து, மெல்லாமல் விழுங்கி, தண்ணீர் குடித்தார். "சூப் எங்க? அது சூடாத்தானே இருக்கு?" என்று கேட்டார்.

மாதக் கடைசிவரை நாட்கள் நகரவே இல்லை. கறை அண்ணன் ஒவ்வொரு காலையும் கூடத்துக்குள் நுழையும்போது நாங்கள் அவர் முகத்தைப் பார்ப்போம். ஒருநாள் நீலப்பூ விரிப்பை மறுபடி கொண்டுவந்து மேசையில் விரித்தார். நான் மெஷினை நிறுத்தினேன். விளக்கை இழுத்து, ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினார். பின்பக்கம் புரட்டித் தேடினார். "ஒண்ணும் இல்ல" என்றார். துவைக்க வேண்டிய தேவையே இல்லாத அந்த விரிப்பை மடிக்கக் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டார். அன்றே அவசரத்தை இரண்டு முறை திட்டினார். அவசரம் என் பக்கம் திரும்பிக் கண்ணடித்தார்.

ஸ்கேன் படத்திலும் எதுவும் இல்லை. கட்டி திரும்பி வரவில்லை. மருத்துவர், நல்ல வேளை, எடையும் ஏற ஆரம்பித்திருக்கிறது என்றாராம். மாலையில் அதைச் சொல்ல வந்த கறை அண்ணன் இரும்புக் கதவைத் திறந்துகொண்டு வந்து நின்றார். முகத்தைப் பார்த்து நாங்களே புரிந்துகொண்டோம்.

குளிர் குறைந்த பிறகு ஒருநாள் அண்ணியே கூடத்துக்கு இறங்கி வந்தார். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, படிக்குப் படி நின்று, ஆனால் தனியாக. வந்ததும் வராததுமாக என்னைப் பார்த்து, "என் வாணலி எங்க?" என்றார்.

"கொடுத்தத திருப்பிக் கேக்குறீங்களே, நல்லாவா இருக்கு?"

"சாகப் போறேன்னு நெனச்சுக் குடுத்தது. சாகலல்ல? குடு."

நாளைக்குக் கொண்டு வருகிறேன் என்றேன். அண்ணி பையிலிருந்து பச்சைச் சட்டையை எடுத்து என் மெஷின்மேல் போட்டார். "போட்டா மூச்சு முட்டுது. பிரிச்சு விடு."

நான் சட்டையைப் புரட்டி, தையலுக்குள் பிளேடின் முனையை விட்டு, ஒவ்வொரு நூலாக அறுத்தேன். முதல் தையல், அடுத்த தையல், அதற்கும் அடுத்தது. மடித்து வைத்திருந்த துணி விரிந்தது. வெளியே இருந்த பச்சை துவைத்துத் துவைத்து வெளுத்திருந்தது. உள்ளே இருந்த பச்சை கடையில் வாங்கிய அன்று இருந்தபடியே இருந்தது. மேசையைவிட்டு வந்து எட்டிப் பார்த்த கறை அண்ணன், பழக்க தோஷத்தில் குனிந்து இரண்டு பச்சைக்கும் நடுவே இருந்த கோட்டை நகத்தால் சுரண்டப் போனார்.

"அண்ணே, கைய எடுங்க. அது கறை இல்ல."

அண்ணி அந்தப் பச்சையை விரலால் தொட்டார். "அன்னைக்கு வெட்டிடுன்னு சொன்னேனே. வெட்டலையா?"

"வெட்டல."

நான் அளவு நாடாவை எடுத்தேன். "எவ்வளவு விடணும் அண்ணி? கொஞ்சம் பிடிச்சு வைக்கவா, இல்ல..."

"இருக்கறது முழுசும் விடு" என்றார் அண்ணி.

இருந்தது முழுவதையும் விட்டுத் தைத்தேன்.